உடல்மொழியை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடல்மொழியைப் பற்றியவை. முகத்தைப் பார்த்து மனதைப் படித்துவிடலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதையே ஆராய்ச்சியாகச் செய்ய நினைக்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். மனிதர்கள் பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து ஆராய்வதுதான் என் வேலை. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், "நாம் தெரிவிப்பதில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், சொற்களுக்கு வெறும் 7 சதவீதம்தான்" என்றார்கள். இது நிரூபிக்கப்பட்ட விஷயமா?

எண்கள் ஆராய்ச்சியிலிருந்து வந்தவைதான், அவற்றின் மேல் ஏற்றி வைத்திருக்கும் அர்த்தம்தான் தவறு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு சிறிய சோதனைகளை வெளியிட்டார். ஒன்றில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, பேசுகிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் 'ஒருவேளை' என்ற பொருளுள்ள ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை விதவிதமான தொனியில் பதிவுசெய்து, அதோடு விதவிதமான முகபாவம் கொண்ட புகைப்படங்களைக் காட்டினார்கள். குரல் ஒன்று சொல்லி முகம் வேறொன்று சொன்னால் பார்ப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி. இந்த இரண்டு சோதனைகளின் முடிவுகளையும் பிறகு ஒன்றாகச் சேர்த்ததில் வந்ததுதான் 7, 38, 55. சொல், குரல், முகம் மூன்றையும் ஒரே சோதனையில் வைத்து யாரும் அளக்கவே இல்லை.

ஆக, விருப்பு வெறுப்பு என்ற ஒரே விஷயம், அதுவும் ஒற்றைச் சொல்லில், அதுவும் சொல்லும் தொனியும் முகமும் ஒன்றோடொன்று மோதும்போது. அவ்வளவுதான் அந்த எண்களின் எல்லை. தன் உணர்வையோ பிடித்தம் பிடிக்காமையையோ பற்றிப் பேசாத இடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் 10 நிமிடப் பேட்டி ஒன்றைப் பாருங்கள். இருவரும் நட்பாக இருக்கிறார்களா, உரசிக்கொள்கிறார்களா என்று ஓரளவுக்குப் பிடிபடும், அதைத் தாண்டி எதைப் பற்றிப் பேசினார்கள், யார் என்ன ஒப்புக்கொண்டார், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒன்றுமே தெரியாது. இந்தக் கணக்கை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விஷயம் தெரிந்த, ஆனால் கூச்ச சுபாவமுள்ள எத்தனையோ பேரை 'நீ என்ன சொன்னாலும் பயனில்லை, நிற்கிற விதம் சரியில்லை' என்று இந்த எண்களைக் காட்டியே மட்டம் தட்டுகிறார்கள்.

கேள்வி: முதுகலை இறுதியாண்டு ஆய்வுக்கு உரையாடலில் கையசைவுகளை எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். வழிகாட்டி, "பேசும்போது கையை அதிகம் அசைப்பீர்களா என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்து 200 பேரிடம் கேள், போதும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தொடங்குவது?

உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். தன் கை என்ன செய்கிறது என்று பேசுகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. கேள்வித்தாளில் கிடைக்கப்போவது மக்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தகவல், அதுவும் ஓர் ஆய்வுதான், ஆனால் நீங்கள் ஆசைப்படும் ஆய்வு அது இல்லை. வழிகாட்டியிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லி, வீடியோ பதிவுக்கு அனுமதி வாங்கப் பாருங்கள்.

கேள்வியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள். ஆடம் கெண்டன் 1967-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அவர் எடுத்துக்கொண்டது பார்வையை மட்டும்: இருவர் பேசும்போது யார் எப்போது யாரைப் பார்க்கிறார் என்பதைப் படச்சுருளில் நுணுக்கமாகக் குறித்துக்கொண்டே போனார். நீளமாகப் பேசத் தொடங்குகிறவர் ஆரம்பத்தில் பார்வையை விலக்கிக்கொள்கிறார், முடிக்கும் நேரத்தில் மீண்டும் எதிராளியைப் பார்க்கிறார், அந்தப் பார்வையோடு பேச்சு கைமாறுகிறது. 'கையசைவுகள்' என்பது உங்களுக்குப் பெரிய தலைப்பு. 'வழி சொல்லும்போது சுட்டுகிற விரல், சொல்லுக்கு முன்னால் எழுகிறதா பின்னால் எழுகிறதா' என்பது ஓர் ஆய்வுக்குச் சரியான அளவு.

அடுத்தது விவரிப்பு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என்னிடம் இருக்கும் பதிவுகளில் ஒரு துண்டு. மேசைக்கு இருபுறமும் இரண்டு பேர். ஒருவர், "அப்போ வெள்ளிக்கிழமை வந்துடுவீங்களா?" என்கிறார். மற்றவர் உடனே பதில் சொல்லவில்லை. பார்வை எதிராளியின் முகத்திலிருந்து மேசைமேல் இருக்கும் காகிதத்துக்கு இறங்குகிறது, உதடுகள் உள்பக்கமாக அழுந்துகின்றன, கையிலிருக்கும் பேனாவின் மூடியைக் கட்டைவிரல் ஒரு தடவை மேலே தள்ளுகிறது, தலை லேசாக வலப்பக்கம் சாய்கிறது, மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது, அப்புறம்தான் "ம்… பாக்கலாம்" என்று வருகிறது. 'பாக்கலாம்' முடிவதற்குள்ளேயே முதலாமவர் "இல்ல, சனிக்கிழமைகூடப் பரவாயில்ல" என்று குறுக்கே வந்துவிடுகிறார். மறுப்பு என்று ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை, ஆனாலும் மறுப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு ஏற்றபடி எதிராளி தன் திட்டத்தையும் மாற்றிவிட்டார்.

இதைப் பார்த்ததும் மாணவர்கள் 'தயங்கினார்' என்று எழுதுவார்கள். அது தீர்ப்பு, தரவு இல்லை. பார்வை எந்தக் கணத்தில் இறங்கியது, உதடு எப்போது அழுந்தியது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, இவைதான் தரவு. அந்த இடைவெளி முக்கியம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: 2009-ல் 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒப்புக்கொள்கிற பதில்கள் அந்த எல்லா மொழிகளிலும் சீக்கிரம் வந்தன, மற்றவை தாமதித்தன. மேலே சொன்ன துண்டில் இடைவெளி அந்தச் சராசரியைப் போல் பல மடங்கு. இதை அளந்து எழுதிவிட்டால் 'தயங்கினார்' என்ற முடிவுக்கு உங்கள் உதவி இல்லாமலேயே படிப்பவர் வந்து சேர்ந்துவிடுவார்.

முகத்துக்கு இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும். 1978-ல் அவர்கள் வெளியிட்ட குறியீட்டு முறையில் முகத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் எண் உண்டு: புருவம் கீழிறங்கினால் 4, கன்னம் மேலெழுந்தால் 6, உதட்டு முனை மேல்நோக்கி இழுபட்டால் 12. கோபம், மகிழ்ச்சி என்ற சொற்களுக்கு அந்தக் குறியீட்டில் இடமே கிடையாது, விளக்கம் எல்லாம் பிறகு, தனியாக. கைக்கு வந்தால், அசைவு எழும் தயாரிப்பு, உச்சத்தில் நிகழும் வீச்சு, அப்படியே நிறுத்திவைப்பது, திரும்பி ஓய்வது என்று பிரித்துக் குறிப்பது வழக்கம். வீச்சு பெரும்பாலும் அதோடு தொடர்புள்ள சொல்லுடன் சேர்ந்தோ அதற்குச் சற்று முன்போ விழுகிறது. டேவிட் மெக்நீல் 1992-ல் வகுத்த நான்கு பிரிவுகள், பொருளின் உருவைக் காட்டுபவை, கருத்துக்கு உருவம் கொடுப்பவை, சுட்டுபவை, தாளம்போல் தட்டுபவை, உங்கள் ஆய்வுக்கு நேராகவே பயன்படும். குறிப்பதற்கு 'இலான்' என்ற மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்தில் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம்தான்.

நீங்கள் குறித்ததை இன்னொருவரும் தனியாக, உங்கள் குறிப்பைப் பார்க்காமல் குறிக்க வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஜேக்கப் கோஹென் 1960-ல் முன்வைத்த 'கப்பா' அளவால் கணக்கிடலாம், தற்செயலாக ஒத்துப்போனதை அது கழித்துவிடும். அந்த இரண்டாம் ஆளுக்கு உங்கள் கருதுகோள் தெரியக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு குதிரைக் கதை இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கொடுத்தால் காலால் தட்டி விடை சொன்னது. உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவர் இல்லாதபோதும் அது சரியாகச் சொன்னது. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் 1907-ல் காரணத்தை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் எல்லோரும் குதிரையின் காலைப் பார்க்கச் சற்றே குனிகிறார்கள், சரியான எண் வந்ததும் தங்களை அறியாமல் தலையைத் துளி நிமிர்த்துகிறார்கள், குதிரை அந்த நிமிர்வைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. நம் எதிர்பார்ப்பு நம் உடலிலேயே கசிகிறது என்பதைக் காட்டிய இந்தச் சோதனையை உடல்மொழி படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நேர்காணல் எடுப்பதும் நீங்களே, குறிப்பதும் நீங்களே என்றால், உங்கள் தலையாட்டலுக்கு எதிராளி தந்த பதிலைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

கடைசியாக, நேரம். ஒரு நிமிட வீடியோவை ஒழுங்காகக் குறிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். அதனால் பத்து மணி நேரம் பதிவுசெய்து மலைத்துப்போய் உட்காராதீர்கள். நன்றாகக் குறித்த 20 நிமிடம் ஒரு முதுகலை ஆய்வுக்குத் தாராளம்.

கேள்வி: சிரிப்பு உலகம் முழுக்க ஒன்றுதானே? முகபாவங்கள் பிறவியிலேயே வருபவை என்று படித்த நினைவு.

இதில் ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சண்டை எனக்குப் பிடித்தமானது. டார்வின் 1872-ல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்காக உலகின் பல மூலைகளில் இருந்தவர்களுக்கு, அங்குள்ள மக்கள் வியந்தால் என்ன செய்கிறார்கள், வெட்கப்பட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேள்விகளை அச்சடித்து அனுப்பினார். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் மின்சாரம் செலுத்தி முகத் தசைகளை இயக்கி எடுத்த புகைப்படங்களை, விளக்கம் எதுவும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஒரே பதில், சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில். நூறு ஆண்டு கழித்து, எக்மனும் ஃப்ரீசனும் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் குட்டிக் கதைகள் சொல்லி, கதைக்குப் பொருந்தும் முகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 1971-ல் வந்த அந்த முடிவுகள் பெரும்பாலும் உலகப் பொதுமை என்ற பக்கமே இருந்தன, பயத்தையும் வியப்பையும் பிரிப்பதில்தான் குழப்பம் வந்தது. ஆனால் 2016-ல் டிரோப்ரியண்ட் தீவுகளில் செய்த ஆய்வில், கண் விரிந்து வாய் திறந்த, நாம் 'பயம்' என்று சொல்லும் அதே முகத்தை அங்குள்ள இளம் வயதினர் மிரட்டலின், கோபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

தசைகள் எல்லோருக்கும் ஒன்றுதான், சில அடிப்படை வடிவங்களும் பரவலாகவே இருக்கின்றன என்று நானும் நினைக்கிறேன். அந்த முகம் எப்போது, யாரிடம், எதற்காக வருகிறது என்பதில்தான் சுவாரசியம் எல்லாம். ராபர்ட் கிராட்டும் ராபர்ட் ஜான்ஸ்டனும் 1979-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு நடக்கிற இடத்தில் உட்கார்ந்து, ஆடுகிறவர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லாக் கட்டைகளும் சாய்ந்தாலும், கட்டைகளை நோக்கி நிற்கும்வரை சிரிப்பு அபூர்வம். திரும்பி நண்பர்களின் முகத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு மலர்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் இதே கதைதான். மேடையில் மகிழ்ச்சியின் உச்சத்தில் நிற்கும்போதும், பார்வையாளர்களோடும் பதக்கம் தருகிறவர்களோடும் தொடர்புகொள்ளும் நேரத்தில்தான் அதிகம் சிரித்தார்கள். உள்ளே இருப்பது தானாக வெளியே வழிவதுதான் சிரிப்பு என்ற எண்ணத்தை இந்த இரண்டு ஆய்வுகளும் அசைத்துவிடுகின்றன. சிரிப்பு பெரும்பாலும் ஒருவரை நோக்கிப் போகிறது. அதனால் சிரிக்கிறவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்த வீடியோவில் பாதி விஷயம் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: போனில் பேசும்போதுகூட கையை ஆட்டுகிறேன். எதிரில் யாருமே இல்லையே, இது வெறும் பழக்கமா?

பழக்கத்தைவிட ஆழமானது. ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் பேசும்போது கையசைத்தார்கள், கேட்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தபோதும் அசைத்தார்கள். யாரையும் பார்த்துக் கற்றுக்கொண்டதல்ல, யாருக்கும் காட்டுவதற்காகவும் அல்ல. கை, நினைப்பதற்கும் பேச்சை உருவாக்குவதற்கும் துணை நிற்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. அதே நேரம் எதிராளிக்கும் பங்கு உண்டு: ஜேனட் பாவெலாஸ் குழுவினர் 2008-ல், ஓர் ஆடையின் படத்தை நேரில் விவரிப்பவர், போனில் விவரிப்பவர், பதிவுக் கருவியிடம் தனியாக விவரிப்பவர் என்று ஒப்பிட்டார்கள். போனில் பேசியவர்கள் கருவியிடம் பேசியவர்களைவிட அதிகம் கையசைத்தார்கள், நேரில் பேசியவர்களின் அசைவுகள் இன்னும் பெரிதாக இருந்தன. நிம்மதியாகக் கையை ஆட்டுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் உள் விசாரணை நடத்தும் பொறுப்பு எனக்கு. கண்ணைப் பார்க்காமல் பேசுவது, மூக்கைத் தொடுவது, காலை ஆட்டுவது போன்றவற்றை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியல் தர முடியுமா?

தர மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒருவரின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நேராகவே சொல்கிறேன். சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி, 24,000-க்கும் மேற்பட்டவர்கள் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மெய்யா பொய்யா என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். 2003-ல் டிபாலோ குழுவினர் பொய்க்கு அடையாளம் என்று சொல்லப்படும் 158 குறிகளைப் பரிசோதித்தார்கள், பெரும்பாலானவற்றுக்குப் பொய்யோடு தொடர்பே இல்லை, அல்லது மிக மெல்லிய தொடர்பு. கண்ணைத் தவிர்ப்பது அப்படி விழுந்துபோன ஒன்று. ஆனால் 58 நாடுகளில் மக்களிடம் கேட்டபோது பொய்யரின் அடையாளமாக அவர்கள் முதலில் சொன்னது அதைத்தான்.

அரசுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்துச் சந்தேக நபர்களைப் பிரிக்கும் திட்டத்துக்கு 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவானது. அந்த நாட்டின் அரசுத் தணிக்கை அமைப்பு 2013-ல், இதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது.

உங்கள் அறைக்குள் வந்து உட்காருகிறவர், தவறே செய்யாதவராக இருந்தாலும், தன்னை நம்ப மாட்டார்களோ என்று பயப்படுவார். பயத்தில் வியர்க்கும், கால் ஆடும், குரல் நடுங்கும். அதைப் பொய்யின் குறியாக நீங்கள் எடுத்துக்கொண்டால் ஒரு நிரபராதியின் பிழைப்பு போகும். திறந்த கேள்விகள் கேளுங்கள், நடந்ததை முழுமையாகச் சொல்லவிடுங்கள், சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கேட்டு வாங்கி உண்மையிலேயே சரிபாருங்கள். கையிலிருக்கும் ஆதாரத்தை எடுத்த எடுப்பிலேயே காட்டாதீர்கள், அவர் சொல்வதற்கும் அதற்கும் முரண் இருந்தால் அது தானாக வெளியே வரும். உடல்மொழியில் கவனிக்க வேண்டியது உங்களுடையதைத்தான்: நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று உங்கள் முகம் சொன்னால், எதிரில் இருப்பவரின் பேச்சு சுருங்கிவிடும்.

கேள்வி: ஆள் எடுப்பதற்காக, வீடியோ நேர்காணலில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு ஆப் ஒன்றை விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். புருவம் இறங்குகிறது, உதடு விரிகிறது என்று அசைவைக் கண்டுபிடிப்பதில் கணினி இன்று நன்றாகவே தேறியிருக்கிறது, ஆய்வுக்கு அது பெரிய உதவி. அசைவிலிருந்து உணர்ச்சிக்குத் தாவுவதில்தான் பிரச்சினை. லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட விரிவான பரிசீலனையில், மனிதர்கள் கோபமாக இருக்கும்போது புருவம் நெறித்து முகம் சுளிப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரங்களில்தான் என்று காட்டினார்கள். மீதி நேரங்களில் கோபக்காரர் சும்மா இருக்கிறார், சிரிக்கிறார், அழுகிறார். கோபமே இல்லாமல் ஆழ்ந்து யோசிப்பவர் முகம் சுளிக்கிறார். முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு ஹிலெல் அவியேசர் குழுவினர் 2012-ல் செய்த ஆய்வு நல்ல உதாரணம்: டென்னிஸ் வீரர்கள் முக்கியமான புள்ளியை வென்ற கணத்தையும் இழந்த கணத்தையும் படமாகக் காட்டியபோது, முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வெற்றியா தோல்வியா என்று சொல்ல முடியவில்லை, உடலைப் பார்த்தவர்களால் முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் 2022-ல் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவம், பாதுகாப்பு காரணங்களைத் தவிர, வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் ஆட்களின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக்குத் தடை இருக்கிறது.

கேள்வி: நேர்காணலுக்கு முன்னால் கையை இடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோன் மாறி தைரியம் வருமாமே?

2010-ல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அப்படிச் சொன்னது. 2015-ல் 200 பேரோடு திரும்பச் செய்தபோது, நின்றவர்கள் தங்களைச் சற்று வலிமையாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், ஆனால் ஹார்மோன் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என 2016-ல் பகிரங்கமாகவே எழுதினார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: பொது இடத்தில் மக்கள் இயல்பாகப் பேசுவதை அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுத்தால்தானே உண்மையான உடல்மொழி கிடைக்கும்? சொல்லிவிட்டு எடுத்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்களே?

தெரியாமல் எடுக்காதீர்கள். முகத்தை மங்கலாக்கி விடலாம் என்று நினைப்பீர்கள், மங்கலாக்கினால் உங்கள் தரவே போச்சு. அதனால் சம்மதம் வாங்கும்போதே, பதிவுசெய்யலாமா என்பதோடு நிறுத்தாமல், இதை யார் யார் பார்க்கலாம், வகுப்பில் காட்டலாமா, கட்டுரையில் படமாக அச்சிடலாமா, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிலர் முதலாவதற்குச் சரி என்பார்கள், மூன்றாவதற்கு வேண்டாம் என்பார்கள், அதை மதியுங்கள்.

நடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே பழக்கமானவர்கள் இருவரை உட்காரவைத்து, கேமராவை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். பேச்சு சூடு பிடித்தால் கேமரா மறந்துபோகும். பலர் முதல் சில நிமிடங்களை ஆய்வில் சேர்ப்பதே இல்லை. கேமராவை மறக்காதவர்களால்கூட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எடுக்கும் விநாடியின் பின்னத்தையோ, சொல்லுக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளியையோ நடித்துக் காட்ட முடியாது. தொலைக்காட்சி விவாதங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதில் கேமரா எப்போதும் பேசுகிறவரின் மேலேயே இருக்கும், கேட்கிறவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. சார்ல்ஸ் குட்வின் 1981-ல் காட்டியதை நினைத்துப் பாருங்கள்: பேசுகிறவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது பல நேரங்களில் உளறல் இல்லை, கேட்பவர் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கண்டு, அவர் பார்வை திரும்பும்வரை செய்கிற வேலை. பேசுகிறவரை மட்டும் படமெடுத்திருந்தால் இதை அவர் கண்டுபிடித்திருக்கவே முடியாது. எப்போதும் இருவரும் தெரியும்படி எடுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்டால் சில பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார்கள். "இங்கே பார்த்துப் பதில் சொல்" என்று அதட்டுகிறேன். இது கவனக்குறைவுதானே?

இல்லை அம்மா, அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எதிரில் இருக்கும் முகத்திலிருந்து வரும் தகவல் ஏராளம், அதைக் கவனித்துக்கொண்டே நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது கடினம், அதனால் கேள்வி கடினமாக ஆக ஆகப் பெரியவர்களும் பார்வையை விலக்குகிறார்கள். ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் 1998-ல், கண்ணை மூடிக்கொண்டு யோசித்தவர்கள் நடுத்தரக் கடினமான கேள்விகளுக்கு மேலும் சரியாகப் பதில் சொன்னதைக் காட்டினார்கள். பிரிட்டனில் க்வினெத் டோஹெர்ட்டி-ஸ்னெடன் குழுவினர் குழந்தைகளிடம் இதையே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வில், யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கும்படி ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அவர்களின் விடைகள் மேம்பட்டன.

'இங்கே பார்' என்று நீங்கள் சொல்லும் கணத்தில் அந்தக் குழந்தையின் தேடல் அறுந்துபோகிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பார்வை கூரைக்குப் போனால் அடுத்த பிள்ளையிடம் தாவாமல் காத்திருங்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். பார்வை உங்களிடம் திரும்பி வந்த பிறகும் பதில் வரவில்லை என்றால் அப்போது ஒரு குறிப்பு கொடுங்கள். எந்தக் கேள்விக்கு யார் உடனே பதில் சொன்னார்கள், யார் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், யார் பார்த்தும் சொல்லவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பாடத்தின் எந்த இடம் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். குறித்ததை எனக்கும் எழுதுங்கள், பிள்ளைகளின் பெயர் இல்லாமல்.